கமெண்டுக்கு மார்க்

பேனாவை நிறுத்தக் கூடாது, யோசிக்கக் கூடாது, எழுதியதை அடிக்கக் கூடாது. மனசில் வருவதையெல்லாம் பத்து நிமிஷம் எழுதிக்கொண்டே போக வேண்டும். இதற்குப் பெயர் ஃப்ரீ ரைட்டிங் என்றார் வைஜயந்தி மிஸ். பொன்னேரி காலேஜில் எங்களுக்கு இரண்டாம் வருஷ ஆங்கிலம் எடுப்பவர். எங்களுடைய ஆங்கிலத்தின் லட்சணம் தெரிந்தவர் என்பதால், முதலில் தமிழிலேயே எழுதுங்கள் என்று விட்டுவிட்டார்.

யோசிக்காமல் எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பிறந்ததிலிருந்து யோசிக்காமல் பேசித்தானே உம்மாவிடம் திட்டு வாங்குகிறேன்? அப்போது வீட்டில் லாத்தாவின் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. லாத்தா என்றால் என் அக்கா சிஃபா. மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துவிட்டு அவள் சமையலறையில் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதினேன். "துபாய் மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு மாசம் வருவாரு. மிச்ச மாசமெல்லாம் அவங்க உம்மாவுக்கு நான் சம்பளமில்லாத வேலைக்காரி. ஊட்டுக்கு ஆள் வேணும்னா பேப்பர்ல விளம்பரம் குடுக்கட்டும், இன்னாத்துக்கு நிக்காஹ்?"

மிஸ் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு 'வெரி குட்' என்று எழுதினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு மாசம் கழித்து, எழுதியதை ஒரு வரிகூட மாற்றாமல் பிளாகில் ஏற்றச் சொன்னார். காலேஜுக்கு வெளியே இருப்பவர்கள் ஐந்து பேராவது கமெண்ட் போட்டால்தான் முழு மார்க்காம். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜெயராஜ் அண்ணன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று திரும்பிப் படிக்காமலே தட்டி முடித்தேன். முடித்த சூட்டோடு, என் மெயிலில் இருந்த அத்தனை முகவரிக்கும் லிங்க்கை அனுப்பினேன்.

எங்கள் வீட்டில் மெயில் அனுப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். லாத்தாவின் போட்டோ, படிப்பு, உயரம் எல்லாம் என் ஐடியிலிருந்துதான் துபாய்க்குப் போயிருந்தது. அதனால் மாப்பிள்ளை அஸ்கர் அலியின் முகவரியும் அந்தக் கூட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அது என் மண்டையில் ஏறவே இல்லை.

இதில் இன்னொரு கூத்து, அந்த ஒரு மாசத்தில் லாத்தா ஆளே மாறியிருந்தாள். மாப்பிள்ளை போன் செய்ய ஆரம்பித்திருந்தார். பழவேற்காட்டில் பிறந்துவிட்டுப் படகு ஏறினாலே வாந்தி வரும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, ஒரு நாள் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாசம் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. மருதாணிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அவளே உம்மாவிடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மதியம் போன் பேசிவிட்டு வந்த லாத்தா, "நீ ஏதோ கதை அனுப்பிக்கிறியாமே? அவரு ஜும்மா முடிச்சு நெட்டுல போய் படிக்கிறேன்னாரு" என்றாள்.

என்ன எழுதினேன், யாருக்கு அனுப்பினேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன் பண்ணி, படிக்காதீங்கன்னு சொல்லேன்" என்றேன்.

"சொன்னா படிக்காம இருப்பாரா? மொதல்ல போய் அதத்தான் படிப்பாரு. கிளம்புடி, அழி அத!"

சுடிதார் துணி எடுக்கப் போவதாக உம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினோம். ஜெயராஜ் அண்ணன் கடைவாசலில் விசிறிக்கொண்டு நின்றார். "கரண்ட் இப்பத்தாம்மா பூட்ச்சு. யூபிஎஸ்ஸும் படுத்துகிச்சு. பேஜாரு" என்றார். இந்தப் பக்கம் அத்திப்பட்டில் கரண்ட் தயாரிக்கிறார்கள், நாங்கள் விசிறியால் விசிறிக்கொள்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

பொன்னேரியில் கரண்ட் நிற்கும் நேரம் வேறு. ரயில் ஏறினோம். ஷிப்ட் முடிந்த ஸ்டீல் கம்பெனி ஆட்கள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். லாத்தா உட்கார மாட்டேன் என்றாள். கதவருகே நின்று முக்காட்டுப் பின்னைக் கழற்றுவதும் குத்துவதுமாக இருந்தாள். கவரைப்பேட்டைக்கு முன்னால் ஒரு கூட்ஸ் வண்டிக்காக ரயில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

"வாப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றேன். எங்கள் வாப்பா அமானுல்லா சிப்காட் வாசலில் கையுறை, ஹெல்மெட் கடை வைத்திருக்கிறார். வருகிற ஆளிடமெல்லாம் துபாய் மாப்பிள்ளை என்று சொல்லி முடித்திருந்தார்.

"வாப்பாவ வுடு. அவரு இன்னா நெனைப்பாரு?" என்றாள் லாத்தா. கண் கலங்கியிருந்தது. அவள் இவ்வளவு ஆசை வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. பாவமாக இருந்தது.

பொன்னேரி சென்டரில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் திறப்பதற்குள் லாத்தா என் தோளைப் பிய்த்துவிட்டாள். திறந்ததும் கீழே பார்த்தேன். கமெண்ட் வந்திருந்தது. அஸ்கர் அலி. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்.

'உங்க லாத்தா சொன்னது சரிதான். எங்க அண்ணனும் இங்கதான் இருக்காரு. அண்ணி ஏழு வருஷமா எங்க ஊட்ல அப்படித்தான் இருக்காங்க. நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப போன் பண்ணிக் கேட்டேன். அழுதுட்டாங்க. உம்மாகிட்ட நிச்சயத்த நிறுத்தச் சொல்லிட்டேன். குடும்ப விசா எடுக்கற அளவுக்குச் சம்பளம் வர ரெண்டு வருஷம் ஆவும். அப்பவும் உங்க லாத்தாவுக்குச் சம்மதம்னா வர்றேன்.'

லாத்தா உதட்டை அசைத்து இரண்டு முறை படித்தாள். நான் அவசரமாக அழிக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத அழிச்சா அவரு எழுதினதும் பூடுமா?"

"பூடும்."

"அப்ப கைய எடு."

"லாத்தா, யாரு வேணா படிப்பாங்க..."

"படிக்கட்டும். இப்படி ஒரு ஆளயா வேணாம்னு சொன்னேன்? எந்திரி. இதுல எப்படி எழுதறது, காட்டு."

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரே விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். எங்களில் நிக்காஹ் அன்றைக்கு வாப்பாவும் சாட்சிகளும் உள்ளே வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தால் போதும், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இவள் ஊர் உலகம் படிக்கிற இடத்தில், யாரும் வந்து கேட்காமல், முழுப் பெயரைப் போட்டு எழுதினாள்.

'எனக்கு இன்னைக்கே சம்மதம். ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டாலும் இதுதான். சிஃபா அமானுல்லா.'

அனுப்புகிற பொத்தானை அவளே அழுத்தினாள். பிறகு முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷம் ஆவும்னு வாப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.