முல்லேரியாவில் ஒரு செபம்

கொட்டாஞ்சேனையில் வான் வண்டியில் ஏறும்போதே ஸ்ரனிஸ்லாஸ் மனைவியின் காதில் ஓதிவிட்டார்.

"டோரின், உன்ட தம்பி கனடாவில. வாய் தவறி வேற ஒண்டும் சொல்லிடாத."

"எத்தன தரம் சொல்லுவீங்க?" என்றாள் டோரின்.

மகள் றஷ்மி விரும்பிய பையன் லஹிரு தங்கமான பிள்ளை. பயமெல்லாம் அவன் அப்பா பந்துலவை நினைத்துத்தான். இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கலியாணத்துக்கு இன்னும் வாய் திறந்து சம்மதம் சொல்லாதவர். பெண்ணின் மாமன் வன்னிக்கு வேலைக்குப் போய்க் கடைசிச் சண்டையில் அகப்பட்டுச் செத்தான் என்று தெரிந்தால், மனிதர் என்னவெல்லாம் நினைப்பாரோ! ஆகவே குடும்பமாகச் சேர்ந்து ஜொனாதனைக் கனடாவுக்கு அனுப்பியிருந்தார்கள், விசாச் செலவு இல்லாமல்.

சம்பந்தி வீட்டாரோடு முதல் பயணம். பந்துல எங்கே கூட்டிப்போகிறார் என்று பார்த்தால், முல்லேரியாப் போர்க்களம்! அந்தக் காலத்தில் சீதாவக்கை அரசனின் படை பறங்கியரை நொறுக்கிய இடம். கல்கிசைக் கடற்கரை என்ன பாவம் செய்தது?

நினைவுக் கல்லின் முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்துல சிங்களத்தில் விளக்கினார். "பறங்கியர் நூற்றுக்கணக்கில செத்தாங்க. எல்லாரும் இந்த மண்ணுக்குக் கீழதான்."

செத்தவர்கள் கிடக்கும் இடத்தில் சும்மா நிற்க டோரினுக்குத் தெரியாது. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. வாயும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் தினமும் சொல்கிறபடியே, சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

"நித்திய இளைப்பாற்றியை ஜொனாதனுக்கு அளித்தருளும் ஆண்டவரே."

ஸ்ரனிஸ்லாஸ் அவள் முழங்கையை இடித்தார். பந்துலவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிலுவை விளங்கியது, பெயரும் விளங்கியது.

"ஜொனாதன் கனடாவில இருக்கிறவர்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

செபம் சொன்ன வாயால் உடனே பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "இல்ல மாத்தயா," என்றாள், அவளும் சிங்களத்திலேயே. "முள்ளிவாய்க்கால்ல செத்தவன். உடம்புகூடக் கிடைக்கேல்ல."

பந்துல கல்லின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நானும் அப்ப அங்கதான் இருந்தன்."

"அம்மா, போதும், வாங்க," என்று றஷ்மி கையைப் பிடித்து இழுத்தாள். இனி ஒரு வார்த்தை பேசினாலும் கலியாணம் கைவிட்டுப் போய்விடும் என்று டோரினுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் இத்தனை வருடத்தில், அங்கே இருந்த ஒருவரை அவள் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மகளின் கையை விலக்கினாள்.

"அப்ப சொல்லுங்க மாத்தயா," என்றாள். "செத்தவங்கள எந்த மண்ணுக்குள்ள தாட்டீங்க?"