ஐந்தாம் மாடிக் கடைமடை

பவுனம்மாள் சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்தால், ரங்கூன் போட்டாதாங் துறையில் நிற்கிற கப்பல்கூடத் தன் நங்கூரத்தை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துக்கொள்ளும். வாசலில் பூனை தும்மினால் ‘யார் அனுப்பினது?’ என்று கேட்கிறவள் அவள். அவள் குடியிருக்கிற கட்டடத்தின் முதல் மாடிக்கே சிலுவைமுத்து என்கிற பழைய கப்பல் சமையல்காரர் வந்து சேர்ந்தது எந்தக் கிரகத்தின் கோளாறோ.

கட்டடத்தில் அப்போது ஏற்கெனவே ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்கு அடியில் எல்லாருக்கும் ஒரே தொட்டி. அதைச் சுற்றி வீட்டுக்கு ஒரு மோட்டார். கரண்டு எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தகவல் கிடையாது. வந்துவிட்டால் ‘மீ லாபி! மீ லாபி!’, விளக்கு வந்தாச்சு என்று, தெருவே கூத்தாடும். கூத்து அடங்குவதற்குள் எல்லா மோட்டாரும் ஒன்றாகத் தொட்டியில் வாய் வைத்துவிடும். இரண்டாம் மாடி சுந்தருடைய மோட்டார் ரங்கூன் ஆற்றையே குடித்துவிட்டு ஏப்பம் விடக்கூடியது. மூன்றாம் மாடி மெஹ்ரீனுக்கு மிச்சம் மீதி கிடைக்கும். நாலாம் மாடி பூட்டிக் கிடந்தது. ஐந்தாம் மாடியில் பவுனம்மாளின் குழாய் நாலு இருமல் இருமிவிட்டு ஓய்ந்துவிடும்.

அவளுக்கோ தண்ணீர்தான் பிழைப்பு. தேத்தண்ணிக் கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள். தண்ணீர் இல்லாமல் அரிசி களைவது எப்படி, உளுந்து ஊறுவது எப்படி? கடைக்காரர் முரளிதரன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் மாவு வரலேன்னா தின்கன்ஜூன் மாவுக்காரன்கிட்ட வாங்கிக்குவேன். கோச்சுக்காதீங்க.”

அந்தக் கவலையோடு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறியவள், முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றாள். கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த சிலுவைமுத்து வாயைத் திறந்தார்.

“எங்க ஊர்ல இந்தத் தண்ணிச் சண்டையே கிடையாது, தங்கச்சி.”

“உங்க ஊரு க்யிம்யிண்டைங்தானே? அங்க ஆறு வாசல்லயே ஓடுது. எதுக்குச் சண்டை வரும்?”

“அது பொறந்த ஊரு. நான் சொல்றது கிரேக்கத்துல. காத்தோவிரீசின்னு பேரு.”

கதை இதுதான். காலை முறித்துக்கொண்டு அவர் ஏதோ ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். கப்பல் இன்ஜினியரின் மச்சான் இரக்கப்பட்டு, ஒலிவக்காய் உதிர்க்கத் தன் மலைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனானாம். ஒரு பருவத்துக்கென்று போனவர் தலை முழுக்க நரைத்த பிறகுதான் திரும்பினாராம்.

பவுனம்மாள் பக்கெட்டை இறக்கி வைத்தாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிற மனுஷனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன கவலை? இவர் எதற்கு வலிய வந்து பேசுகிறார்?

“எங்க, அந்த ஊரக் காட்டுங்க பாப்போம்.”

சிலுவைமுத்துவுக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே ஓடி, பாதிச் சமையலறையை அள்ளிக்கொண்டு வந்தார். சோற்றுப் பானையைக் கவிழ்த்தார், மலை எழும்பியது. அதன் மேலிருந்து ஒரு சணல் கயிற்றை இறக்கினார், வாய்க்கால் ஓடியது. துண்டைப் படிப்படியாக மடித்துச் சரிவில் போட்டார், கல்லடுக்கிக் கட்டிய வயல்கள் வந்தன. மொச்சைக்கொட்டை ஒலிவ மரம், கடலைப்பருப்பு வீடு, ஒரு பூண்டு கோயில்.

“வாய்க்கா துருக்கிக்காரன் ஆண்ட காலத்துல வெட்டினது. அப்புறம் ஜெர்மன்காரன் வந்து ஊரக் கொளுத்தினான். கூரை போச்சு, சுவரு நின்னுச்சு. அது ஆறதுக்குள்ள அவங்களுக்குள்ளயே அண்ணன் தம்பி யுத்தம். கடைசியில இளவட்டமெல்லாம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிடுச்சு. இப்ப ஆடு எண்ண முடியாத அளவுக்கு இருக்கு, மனுஷன் ஒரு கைப்பிடி.” அவர் கடலைப்பருப்பில் முக்கால்வாசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “அந்தக் கைப்பிடிக்கு ரெண்டு காப்பிக்கடை. ஒண்ணு நீலக் கதவு, ஒண்ணு பச்சைக் கதவு. ஒரு கட்சிக்காரன் மத்தக் கடைல செத்தாலும் குடிக்க மாட்டான். பாதிரியார் மட்டும் ரெண்டுலயும் குடிப்பாரு. அதனால அவருக்குத் தூக்கமே கிடையாது.”

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த சுந்தர் சிரித்தான். சிலுவைமுத்துவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

“அங்க ஒரு ஒலிவ மரம். நடுவுல பெரிய பொந்து. மழைக்கு நானும் கழுதையும் உள்ள ஒதுங்கினோம். பாத்தா, ஏற்கெனவே பாதிரியார் உக்காந்திருக்காரு!”

“கழுதைக்கு எடம் விட்டாராண்ணே?” என்றான் சுந்தர்.

பவுனம்மாள் சிரிக்கவில்லை. பூண்டு எங்கே, மொச்சை எங்கே என்று கண்ணாலேயே படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வந்து, இன்னொரு தடவை ஊரைக் கட்டச் சொன்னாள். கட்டி முடித்ததும் பாய்ந்தாள்.

“நேத்து கோயில் வாய்க்காலுக்கு வலப்பக்கம். ராத்திரில நடந்து இடப்பக்கம் வந்துருச்சோ?”

“நேத்து நீ மேல் படில நின்னே, தங்கச்சி. இன்னிக்குக் கீழ்ப் படில நிக்கிறே.”

அவள் மேலே ஏறித் திரும்பிப் பார்த்தாள். கோயில் வலப்பக்கம்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது. உண்மை சொல்கிறவன் எங்காவது ஒரு இடத்தில் தடுமாறுவான். இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறவன் முன்கூட்டியே தயார் செய்தவன் அல்லவா?

“சரி. தண்ணிய எப்படிப் பிரிப்பாங்க?”

“ஊத்துத் தண்ணி தொட்டில விழும். தொட்டிக்குள்ள ஒரு நாணல் கோல். கோல்ல வரிசையா வெட்டு. ஒரு வெட்டு அளவு எறங்கினா ஒரு வயலுக்கான பங்கு முடிஞ்சது, மடைய அடைச்சிரணும். கோலப் பிடிக்கிறவங்க வச்சதுதான் சட்டம்.”

“அங்க கோலப் பிடிச்சது யாரு? நீங்கதானோ?”

“ஞாயித்துக்கிழமை எல்லாரையும் படிக்கட்டுக்கு வரச் சொல்லு. சொல்றேன்.”

அகப்பட்டுக்கொண்டார் என்று பவுனம்மாள் நினைத்தாள். தொட்டிக்குப் பக்கத்து வீடும் அவருடையது, கோலும் அவர் கையில் என்றால் ஐந்தாம் மாடியில் இனி பல்லிகூடத் தாகத்தால் சாகும். மாவு, கடை, முரளிதரன் எல்லாம் தின்கன்ஜூன்காரனுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிக்கட்டில் கூட்டம் கூடியது. ஒருவர் முகத்தை ஒருவர் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோல் ஏற்பாட்டைச் சிலுவைமுத்து விளக்கி முடித்ததும், “நானே பிடிக்கிறேன்” என்றான் சுந்தர்.

“நீங்க பிடிச்சா கோலே கரைஞ்சு போயிடும்ணே” என்றாள் தையற்காரி மெஹ்ரீன்.

“அப்ப நீ பிடி.”

“எனக்கு மிஷின் ஓட்டவே கை போதல.”

பவுனம்மாள் எழுந்தாள். “எதுக்கு வீண் பேச்சு? அண்ணன் தானே பிடிக்கணும்னுதான் பானையும் பூண்டும் வச்சு இவ்ளோ பெரிய ஊரக் கட்டினாரு. காளியம்மா சத்தியமா நான் விட மாட்டேன்.”

சிலுவைமுத்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நான் அங்க வாய்க்கால்ல சேறு வாரினவன். என்னைக் கோலத் தொடவே விட மாட்டாங்க. பிடிச்சது ஸ்தமாத்தீனா. மலையடிவாரத்துல கடைசி வயல் அவளுது, கடைமடை. அவ வயல்ல தண்ணி ஏறிச்சின்னா ஊருக்கே ஏறியாச்சுன்னு அர்த்தம். தலைமடைக்காரன் கைல கோலக் குடுத்தா அவன் வயல் நனைஞ்சதும் தூங்கப் போயிருவான். அதுலயும் அவ ஒரு ஆளையும் நம்ப மாட்டா. புருஷன் செருப்பு ஈரமா இருந்தா போதும், எந்த மடையத் தொறந்தேன்னு கழுத்தப் பிடிச்சிருவா.”

எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பவுனம்மாள் பக்கம் திரும்பின.

“என்னை ஏன் பாக்கறீங்க?” என்றாள் அவள்.

மெஹ்ரீன் ஒரு மூங்கில் குச்சியில் வீட்டுக்கு ஒரு நிறமாக நூல் சுற்றிக் கொடுத்தாள். அதைத் தொட்டிக்குள் நட்டு முடிக்கவும், தெரு ‘மீ லாபி!’ என்று அலறவும் சரியாக இருந்தது. சுந்தரின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. பவுனம்மாள் பார்த்த பார்வையில் தானாகவே திரும்பி வந்தது.

முதல் மாடி முடிந்தது. இரண்டாம் மாடி மோட்டார் உறுமியது. தண்ணீர் இறங்கிச் சுந்தரின் சிவப்பு நூலைத் தொட்டது.

“அணை.”

“அக்கா, ஒரு நூல்தான்...”

“அணைடா!”

அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்து மோட்டார்களும் நின்றுபோனதாகச் சொல்கிறார்கள். மெஹ்ரீனுக்குப் பிறகு கடைசியாகத் தன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பவுனம்மாள் மேலே பார்த்தபடி நின்றாள். ஐந்தாம் மாடிக்கு ஓடிப்போன மெஹ்ரீனின் குரல் இறங்கி வந்தது.

“அக்கா, கொழா இருமல! கொட்டுது!”

அன்று ராத்திரியே மாவு முரளிதரன் கடைக்குப் போனது. தின்கன்ஜூன்காரன் தன் மாவோடு திரும்பிப் போனான்.

வாரம் ஒன்று நல்லபடியாகப் போயிற்று. பவுனம்மாளுக்குத்தான் மாவு அரைக்கும்போது மனசு அரைபட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஸ்தமாத்தீனா. கடைசி வயல். யாரையும் நம்பாதவள். இதையெல்லாம் அந்த மனுஷன் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அல்லவா சொன்னார்? கிரைண்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து முதல் மாடிக் கதவைத் தட்டினாள்.

“அண்ணே, உங்க ஸ்தமாத்தீனாவுக்கு வயசு என்ன?”

“உன் வயசு இருக்கும்.”

“மூக்குத்தி போட்டிருப்பாளா?”

“ஆமா, செகப்புக் கல்லு...” என்று ஆரம்பித்த சிலுவைமுத்து, அவள் மூக்கில் மின்னிய சிவப்புக் கல்லைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

பவுனம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செருப்பு ஏன் ஈரமா இருக்கு?”

சிலுவைமுத்து தன் காலைப் பார்த்தார். மூலையில் கவிழ்ந்து கிடந்த மலையைப் பார்த்தார். செருப்பை மெல்லக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் தள்ளினார். பவுனம்மாள் கீழே இறங்கி, தொட்டி மூடியைத் தூக்கிக் கோலைப் பார்த்தாள். எல்லார் பங்கும் முடிந்தபோது கடைசி நூலில் நின்ற தண்ணீர், இப்போது அதற்குக் கீழே அரை விரல் இறங்கியிருந்தது.

“நாளைக்கு உங்களுக்கு அரை விரல் கம்மி, அண்ணே!” என்று அங்கிருந்தே கத்தினாள்.