மாமாவின் கடைசிக் கோட்டை

இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி. மாமாவின் கடைசிக் கோட்டை வாசலில் என் நீலக்கொடிப் படை நிற்கிறது. உள்ளே அவருக்கு மிச்சம் கொஞ்சம் வில்லாளிகளும் ஒரு நொண்டிக் கரடியும். அந்த நேரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுச் செத்துப்போனால் ஒரு மனுஷிக்கு எப்படி இருக்கும்? எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

மாமா என்று நான் சொல்வது என் அக்கா உல்ஜானின் கணவர் தோக்தாரை. லிஃப்ட் மெக்கானிக். கரகந்தா நகரத்தில் பாதி லிஃப்டுகள் ஓடுவதே தன் கையால்தான் என்று சொல்லிக்கொள்வார். அப்பா அம்மா போன பிறகு, மருந்தாளர் படிப்புக்கு வந்த நான் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அக்கா புருஷனும் கொழுந்தியாளும் ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணலாம் என்பது எங்கள் கஜாக் வழக்கம். நாங்கள் இரண்டு பேரும் அதை முழுநேர வேலையாகவே பார்த்தோம்.

அந்த வேலைக்கு எங்களுக்கு வாய்த்த களம் 'ஏழு கோட்டை' என்கிற பழைய விளையாட்டு. சந்தையில் வாங்கிய திருட்டு டிஸ்க். ராஜா, ராஜகுமாரி, கரடி எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த ஒரே ஆள் ரஷ்ய மொழியில் குரல் கொடுத்திருப்பான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, இரண்டு பேர். ஒருத்தர் தன் முறையை ஆடும்போது மற்றவர் சமையலறைக்குப் போய்விட வேண்டும். எட்டிப் பார்த்தால் கள்ள ஆட்டம். கடைசியில் தோற்றவர் பால்கனியில் நின்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி தன் தோல்வியைக் கத்த வேண்டும். இத்தனை வருஷமும் கத்தியது நான்தான். "என் மாமாகிட்ட நான் தோத்துட்டேன்" என்று நான் கத்தினால், இரண்டாவது மாடி கலீனா அம்மா துணி காயப்போட்டபடியே, "தெரியும், தெரியும்" என்பார்.

நாளைக்கு என் கல்யாண விருந்து. மாப்பிள்ளை வீட்டார் காலையில் வருகிறார்கள். சாயங்கால ரயிலில் நான் அக்தாவு போகிறேன், நாட்டின் அந்தக் கோடிக்கு. ஆக, ஜெயிப்பதானால் இன்றைக்கு ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் தோத்தாங்குளி என்ற பட்டத்தோடு மாமியார் வீட்டில் காலெடுத்து வைக்க வேண்டியதுதான்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. மார்க்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டும் என்பதால் அவசரமாகப் புதியது ஒன்று வாங்கியிருந்தாள். பளபளவென்று, மெல்லிசாக, புத்தம்புது சிஸ்டத்தோடு. செத்துப்போனதன் வயிற்றிலிருந்து ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கி, ஏழு கோட்டையை அப்படியே புதியதற்கு மாற்றினேன். எங்கள் ஆட்டம் விட்ட இடத்தில் பத்திரமாக இருந்தது. ஐகானை அழுத்தினேன்.

'இந்த விளையாட்டு இந்தக் கம்ப்யூட்டரில் இயங்காது' என்று திரை பல்லைக் காட்டியது.

"அடடா," என்றார் மாமா. விருந்துக்காக அக்கா பொரித்துக் குவித்த பவுர்சாக் மாவுருண்டைகளில் ஒன்றை எடுத்து ஜாமில் தோய்த்துக்கொண்டிருந்தார். "பாவம், இந்தத் தடவை நல்லாத்தான் ஆடின. சரி விடு, ஆட்டம் சமன்."

"சமனா? உங்க கோட்டைல ஒரு நொண்டிக் கரடிதான் மாமா இருக்கு."

"கரடி நொண்டியா இல்லையான்னு யார் பார்த்தா? திரைல ஒண்ணும் தெரியலயே."

"விளையாடாதீங்க. திறந்து குடுங்க."

"நான் லிஃப்டைத் திறப்பேன். இது என்னமோ புது சிஸ்டம். பழசை மதிக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ண முடியும், சொல்லு."

சொல்லிவிட்டு இன்னொரு பவுர்சாக்கை வாயில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நாற்காலியையே தூக்கி அவர் மேல் போடலாமா என்று கூட இருந்தது. ஆனால் இந்த மனுஷனின் பலவீனம் எனக்குத் தெரியும்.

"சரி, நீங்க ஓய்வெடுங்க," என்றேன். "நம்ம பில்டிங் மூணாவது வாசல் ருஸ்லானைக் கூப்பிடறேன். நம்ம லிஃப்டையே அவன்தானே சரி பண்ணான், நீங்க பார்த்துட்டு முடியலன்னு விட்டப்புறம்."

மாமாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"அவன் சரி பண்ணல. ஃபியூஸ் மாத்தினான்."

"எப்படியோ, லிஃப்ட் ஓடுச்சு."

"நகரு," என்றார்.

நான் நகர்ந்துகொண்டேன். மாமா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். லிஃப்டின் கதவைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். "இங்க பாரு. முன்னாடி நிக்கிற இந்தச் சின்ன புரோகிராம்தான் ரொம்பப் பழசு. இதத்தான் உள்ள விடமாட்டேங்கறான். வாசல்தான் பழசு, வீடு நல்லாத்தான் இருக்கு. நாம பின்வாசல் வழியா போவோம்." உள்ளே தேடி, விளையாட்டின் சொந்தக் கோப்பையே நேராக அழுத்தினார்.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு ஓரத்தில் ஒரு செய்தி தலைகாட்டியது: ஆபத்தான கோப்பு நீக்கப்பட்டது. கண் முன்னாலேயே ஏழு கோட்டையைக் காணோம். திருட்டு டிஸ்க் அல்லவா, ஆன்டிவைரஸ் மோப்பம் பிடித்துவிட்டது.

"என் வீட்டுக்குள்ள வந்து என் பொருளையே தூக்கறானா?" மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. அது அந்தக் கோப்பை அடைத்து வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து மீட்டார். இனிமேல் இந்த ஃபோல்டர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக்கூடாது என்று ஆன்டிவைரஸுக்கு உத்தரவும் போட்டார். மறுபடி அழுத்தினார்.

டிஸ்கைப் போடவும், என்றது விளையாட்டு. புது கம்ப்யூட்டரில் டிஸ்க் போட வாயே கிடையாது. மாமா அதைத் தூக்கித் திருப்பி, அடியில் தடவி, பக்கவாட்டில் தடவிப் பார்த்தார்.

"காசு வாங்கறாங்க, வாய் வைக்க மாட்டேங்கறாங்க. இரு."

ஒரே ஓட்டமாகப் போய், சாமான் அறையில் கிடந்த செத்த கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டு வந்தார். சமையலறைக் கத்தியால் திருகாணிகளைக் கழற்றி, டிஸ்க் ஓட்டும் பெட்டியை மட்டும் வெளியே எடுத்தார். அதை வைக்க மேஜையில் இடமில்லை. என் சீர் மெத்தைகள் அடுக்கியிருந்த சோபாவில், மேலாக இருந்த பட்டு மெத்தையின் மேல் அந்தத் தூசிப் பெட்டியை வைத்தார். வேறு நாளாக இருந்தால் கொன்றிருப்பேன். அன்றைக்கு, ஹார்ட் டிஸ்கை மாற்றப் பயன்படுத்திய ஒயரை நானே அதில் சொருகிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டிக்குள்ளேயே கிடந்த டிஸ்க் சுழன்றது. ஜலதோஷக்காரன் இருமாத குறையாக, "வீரர்களே, வருக," என்றான். நான் துள்ளினேன். மாமாவும் துள்ளினார். உடனே எல்லாம் நின்று, திரை மறுபடி வெறுமையாகிவிட்டது.

"வந்துட்டான், வந்துட்டான். உள்ளதான் இருக்கான்," என்று மாமா முணுமுணுத்தார். நெற்றியில் வியர்வை. தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது. "இந்தப் புதுப் பையன் வேகமா ஓடறான், அதப் பார்த்து நம்ம பழைய ஆளு மிரண்டு போறான். புதுப் பையனையே கிழவன் மாதிரி நடிக்கச் சொல்லுவோம்." எங்கேயோ ஒரு பட்டியலைத் திறந்து, நான் பள்ளிக்கூடம் போன காலத்து சிஸ்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "டேய், இனிமே நீ கிழவன். மூச்சு விடாத."

இந்தத் தடவை விளையாட்டு திறந்தது, நிலைத்தும் நின்றது. ஆனால் என்ன கொடுமை அது! வானம் பச்சை. ஆறு மஞ்சள். என் நீலக்கொடியும் மாமாவின் சிவப்புக்கொடியும் ஒரே ரோஜா நிறம். எந்தப் படை யாருடையது என்று பெற்றவளுக்கே தெரியாது.

"பரவால்ல மாமா, நான் இப்படியே ஆடிடறேன். கோட்டை எங்கன்னு எனக்கு மனப்பாடம்."

"சும்மா இரு. பாதி வேலையா விட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன ருஸ்லானா?"

மாமா ஃபோனில் எதையோ தேடிப் படித்தார், உதட்டை அசைத்து அசைத்து. பிறகு மேஜையை ஓங்கித் தட்டினார். ஐகான்களைக் காட்டுகிற அந்த முகப்புதான் நிறங்களை எல்லாம் தன் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கிறதாம். அதையே மூடிவிட்டால் தீர்ந்தது. மூடினார். ஐகான், பட்டை, கடிகாரம், எல்லாம் துடைத்த மாதிரி மறைந்தன. அந்த நேரம் பார்த்து அக்கா மாவுக் கையோடு உள்ளே வந்தாள்.

"என் மார்க்கெல்லாம் எங்க?"

"வரும்," என்றார் மாமா திரும்பாமல்.

"நாளைக்குச் சம்பந்தி வராங்க. வீட்டைப் பாருங்க, ரெண்டு பேரும் எப்படி வச்சிருக்கீங்கன்னு. மெத்தை மேல என்ன அது?"

"உல்ஜான், ஒரு நிமிஷம் மூச்சு விடாம நில்லு."

அக்கா நின்றாள், சத்தியமாக மூச்சு விடாமல். காலித் திரையில் ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்து, மாமா விளையாட்டின் பெயரைத் தட்டினார். டிஸ்க் சுழன்றது. இருட்டு. ஜலதோஷம். பிறகு வந்தது பாருங்கள், வானம் நீலமாக! பனிமலை வெள்ளையாக! நடுவில் சிவப்புக்கொடி பறக்கிற கோட்டை, அதன் வாசலில் என் நீலப்படை.

"திறந்துடுச்சு!" முதலில் கத்தியது மாமாதான். நாற்காலி பின்னால் விழ எழுந்து, அக்காவை மாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். என் தலையைப் பிடித்து ஆட்டினார். "பார்த்தியா? ருஸ்லானாம் ருஸ்லான். கூப்பிடு அவனை, வந்து பார்க்கட்டும்." தலைகால் புரியாத சந்தோஷம் அவருக்கு. எனக்கும்தான். மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் குதித்ததில் கீழ்வீட்டு விளக்கு ஆடியிருக்கும்.

பிறகு அவர் கண் திரைக்குப் போனது. கோட்டையைப் பார்த்தார். கரடியைப் பார்த்தார். வாசலில் நின்ற என் படையைப் பார்த்தார். தானே கஷ்டப்பட்டு, கத்தியும் கையுமாகத் திறந்து வைத்தது எதை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், எல்லாம் மறைந்துவிடும். திரும்பத் திறப்பதற்குள் விடிந்துவிடும், ரயிலும் வந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாமா கீழே விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார். என் பக்கம் தள்ளினார்.

"உன் முறை," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

உட்கார்ந்தேன். படையை ஒரு கட்டம் நகர்த்தினேன், கோட்டை வாசல் திறந்தது. சாதாரணமாக ஒரு சண்டை என்றால் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கலாம். வில்லாளி நிதானமாக நாணை இழுப்பான், கரடி யோசித்து யோசித்து நடக்கும். புது கம்ப்யூட்டரில் அத்தனையும் மின்னலாக ஓடியது. நான் எச்சில் விழுங்குவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. யார் யாரை அடித்தார்கள் என்றே பார்க்கவில்லை. கோட்டை உச்சியில் நீலக்கொடி ஏறியது. "சிவப்பு ராஜா ஒழிந்தான்," என்றான் ஜலதோஷக்காரன்.

எத்தனை வருஷம் இதற்காகக் காத்திருந்தேன். கத்த வேண்டும், குதிக்க வேண்டும், மாமாவின் முகத்துக்கு நேராக ஆட வேண்டும் என்று எத்தனை திட்டம் போட்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "மாமா, வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். நின்றபடியே படித்தார். ஜலதோஷக்காரனை இன்னொரு தரம் சொல்லவைத்துக் கேட்டார்.

"சண்டை ரொம்ப வேகமா ஓடிருக்கும். இது செல்லாது."

"உங்க கரடியும் அதே வேகத்துலதானே ஓடுச்சு," என்றாள் அக்கா.

மாமா தலையை ஆட்டினார். பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். கீழே முற்றத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் குடிவந்த ஒருத்தர் காருக்கு அடியில் படுத்திருந்தார்.

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "என் கொழுந்தியாகிட்ட நான் தோத்துட்டேன்," என்று கத்தினார்.

பந்து நின்றது. கலீனா அம்மா கீழ்ப் பால்கனியிலிருந்து தலையை நீட்டி மேலே பார்த்தார். "யாருப்பா, தோக்தாரா? திருப்பிச் சொல்லு, எனக்குச் சரியா கேட்கல."

"தோத்துட்டேன்மா. கொழுந்தியாகிட்ட."

"அப்பாடா," என்றார் கலீனா அம்மா, மனசார. பிள்ளைகள் விசிலடித்தார்கள். நான் சிரித்துச் சிரித்துக் கதவில் சாய்ந்துவிட்டேன்.

காருக்கு அடியிலிருந்து புது ஆள் எழுந்து வந்தார், கையெல்லாம் கிரீஸ். விஷயம் புரியாமல், சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"எந்தக் கொழுந்தியா, அண்ணே?"

"எனக்கு இருக்கறதே ஒருத்திதான்," என்று மாமா அதே குரலில் கத்தினார். "அவளையும் நாளைக்கு ரயிலேத்தி அனுப்பறோம்."

கீழே யாரும் சிரிக்கவில்லை. என் சிரிப்பும் நின்றுவிட்டது. அக்கா மாவுக் கையால் என் தோளைப் பிடித்தாள், சட்டை பாழாவதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்படவில்லை. மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. புது ஆளுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக இன்னொரு தரம் சொன்னார்.

"ஒருத்திதான்."