ஆறாத ஃபுசாயோ

1964 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஃபுசாயோவின் உடம்பு சுடத் தொடங்கியது, பிறகு ஆறவேயில்லை. காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவள் கையில் தந்த தேநீர் கோப்பையிலேயே கொதித்தது. மேடையில் அவள் நிற்கும் பலகையை மாதம் ஒருமுறை மாற்றினார்கள்.

அவளும் கணவன் தோகுஜியும் ஒசாகாவில் ஜோடியாக நின்று சிரிக்கவைப்பவர்கள். அவன் மட்டம் தட்டுவான், அவள் அசடு வழிவாள். அந்தச் செவ்வாய்க்கு ஒன்பது நாள் முன்பு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. வெளியே பனி பெய்துகொண்டிருந்ததால், சிறுபனி என்ற பொருளில், கோயுகி என்று ஃபுசாயோ பெயர் வைத்தாள். மேடை காலியாக இருக்கக் கூடாது என்று அரங்க முதலாளி ஆள் அனுப்பினார். அந்தச் செவ்வாய்க்கிழமை மேடையில் தோகுஜி ஒத்திகையில் இல்லாததைச் செய்தான். அவள் வயிற்றைத் தட்டி, "காலி அரிசிப் பெட்டி. தட்டினா சத்தம்தான் வரும்" என்றான். கூட்டம் உருண்டு சிரித்தது. பழக்கத்தில் அவளும் சிரித்துவிட்டாள்.

"ஏன்யா அதைச் சொன்னே?" என்று திரைக்குப் பின்னால் கேட்டாள்.

"சிரிச்சாங்கல்ல? அப்புறம் என்ன?"

பதினோரு வருடம் அந்த வரி நீடித்தது. அவள் உள்ளங்கையில் முட்டை பொரித்தார்கள், கணவாய் வாட்டினார்கள், தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். ஏன் சுடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தோகுஜி குளிர்காலத்தில் மட்டும் அவள் பக்கத்தில் படுத்தான்.

பன்னிரண்டாம் வருடம், ஒரு பகல் காட்சியில், தோகுஜி அவள் வயிற்றைத் தட்டியதும் அவள் தன் வரியைச் சொல்லவில்லை.

"அவ பேரு கோயுகி," என்றாள். "அவ போயி ஒம்பதாம் நாளு என்னை இங்க நிக்க வெச்சாரு இவரு. நீங்க சிரிச்சீங்க."

கூட்டம் சிரித்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் தொடையைத் தட்டினார். "நல்லா எடுபடுது, விடாத" என்று தோகுஜி முணுமுணுத்தான். தட்டிய அந்தக் கையை அவள் பிடித்தாள். அரங்கில் கடைசி ஆள் சிரிப்பை நிறுத்தும்வரை விடவில்லை. அவன் அலறியதையும் அவர்கள் நாடகம் என்றே நினைத்தார்கள், அதனால் வெகுநேரம் ஆனது. அந்தக் கை அப்புறம் எதையும் தட்டவில்லை. அவள் மேடைச் செருப்போடு தெருவில் இறங்கி நடந்தாள்.

அதே ஊரின் நிஷினாரிப் பகுதியில் ஒரியே என்ற விதவை நடத்திய பொதுக் குளியலகத்தில் கொதிகலன் வெடித்துக் கிடந்தது. ஃபுசாயோ பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம் அதுவே அவள் வேலை. நகராட்சி அதிகாரி வந்து, வெப்பமானியை விட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டுப் போனார்.

"இன்னுமா உனக்கு ஆறல?" என்று ஒரியே ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு ஆறணும்?"

ஒரியே தலையாட்டிவிட்டுத் துண்டு மடிக்கப் போனாள். ஆண்கள் பக்கத் தண்ணீர் மட்டும் எப்போதும் இரண்டு டிகிரி கூடுதலாக இருந்தது. யாரும் புகார் சொன்னதில்லை. கால் விரலை நனைத்துப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்கள்.