ஏழு சிக்னல், ஏழு டக்

அந்தக் கதையைச் சொல்ல உத்தமன் எழுந்து நின்றுகொள்வான். உட்கார்ந்தபடி சொல்ல முடியாது, அதில் நடிப்பு இருக்கிறது. இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடிப்பான், கண்ணை உருட்டுவான், உதட்டால் "புர்ர்ர்" என்று எஞ்சினை ஓட்டி, சட்டென்று "டக்" என்று நிறுத்துவான். "எலெக்ட்ரானிக் சிட்டியிலருந்து சிவாஜிநகர் வரைக்கும் ஏழு சிக்னல்ல நின்னோம். ஏழுலயும் நம்ம வீட்டு மேடம் வண்டிய ஆஃப் பண்ணிட்டாங்க. நான் எண்ணிக்கிட்டே வந்தேன்!" கிரகப்பிரவேசமோ காதுகுத்தோ, போன இடத்திலெல்லாம் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

அவன் மனைவி வேதநாயகியும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால், "பாரு, கோச்சுக்கிட்டா" என்று அதற்கும் ஒரு சுற்று சிரிப்பார்கள். ஊர் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் ஆனேக்கல்லில் நாத்தனார் தனக்கோடி வீட்டில், பதினைந்து வயது மகள் தர்ஷினி அப்பாவை முந்திக்கொண்டு "டக்" என்றாள். அதை மட்டும் வேதநாயகியால் பொறுக்க முடியவில்லை.

கார், உத்தமனோடு வேலை செய்த ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி. அதோடு வரவேண்டிய விளக்கப் புத்தகம் வரவில்லை. அதை அவள் சாலையில் ஓட்டியது அந்த ஒரே ஒரு நாள்தான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த மாதிரி சிக்னலில் நிறுத்தினாள், நியூட்ரல் போட்டாள், க்ளட்சிலிருந்து காலை எடுத்தாள். எஞ்சின் நின்றுபோனது. பக்கத்து சீட்டிலிருந்து உத்தமன் போட்ட சத்தத்தில் பின்னால் அடித்த ஹாரனே அவளுக்குக் கேட்கவில்லை. அன்று மாலையே சாவி அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"உனக்கு இது செட் ஆகாது. பஸ்ஸே சேஃப்" என்றான். "என் கையில ஒரு நாளாவது நிக்குதா?"

நிற்கவில்லைதான். அவன் கையில் அந்த வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. அந்த ஒரு விஷயம்தான் அவள் வாயை அடைத்தது. எட்டு மாதமாக சில்க் போர்டில் பஸ் மாறி, நின்றுகொண்டே சிவாஜிநகர் போனாள். அங்கே லேபில் ஊருக்கெல்லாம் ரத்தம் எடுத்துவிட்டு, நின்றுகொண்டே திரும்பினாள். தனக்குத்தான் ஏதோ வரவில்லை என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

இந்த நிலையில் க்ளட்ச் ப்ளேட் தீய்ந்தது. எட்டு மாதமாக வண்டியைத் தொடாதவள்மேல்தான் அந்தப் பழியும் விழுந்தது. "அன்னைக்கு நீ போட்ட போடுதான். நீயே போய் ஒர்க்‌ஷாப்ல உக்காரு" என்று அனுப்பிவைத்தான் உத்தமன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஒர்க்‌ஷாப் மேற்பார்வையாளர் ஆம்ப்ரோஸ், கருகிய ப்ளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், இத யாரு ஓட்றது?"

"எங்க வீட்டுக்காரர்."

"சிக்னல்ல கியர்லயே வெச்சு, க்ளட்ச மிதிச்சுக்கிட்டே நிப்பாரா?"

நிற்பான். பச்சை விழுந்ததும் முதலில் தான் கிளம்ப வேண்டும் என்பது உத்தமனின் கொள்கை. அவள் தலையாட்டினாள்.

புது ப்ளேட் மாட்டியதும், "நான் ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. ஆம்ப்ரோஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் சிக்னலில் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்தாள். எஞ்சின் நின்றது.

"சாரி, ஆஃப் பண்ணிட்டேன்."

"நீங்க எங்க ஆஃப் பண்ணீங்க? அதுவா நின்னுச்சு மேடம்." மீட்டரில் பச்சையாக எரிந்த 'A' என்ற எழுத்தைக் காட்டினார். ஏசி விளக்கு என்று அவள் நினைத்திருந்தாள். "பெட்ரோல் மிச்சம் பண்றதுக்கு கம்பெனிலயே வெச்ச சிஸ்டம். நியூட்ரல் போட்டு க்ளட்ச விட்டா நிக்கும். மறுபடி மிதிங்க, பாருங்க."

மிதித்தாள். எஞ்சின் தானாக எழுந்தது.

"அவருக்கு ஏன் நிக்கல?"

"அவருதான் க்ளட்ச விடறதே இல்லையே! அதான் ப்ளேட்டு தீஞ்சுது. ஒழுங்கா ஓட்றவங்களுக்குத்தான் மேடம் இது நிக்கும்." வேண்டாமென்றால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அழுத்தச் சொல்லி ஒரு பட்டனைக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு. நின்னிருக்கும்போது பெல்ட்ட கழட்டி கதவத் தொறந்துட்டா, க்ளட்ச மிதிச்சா மட்டும் எழுந்திருக்காது. சாவியத் திருப்பணும்."

வேதநாயகி அழவில்லை. அவளுக்குள் மூண்டது சுத்தமான கோபம். இன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஓ, அப்டியா" என்பான். எட்டு மாதம் சபை சபையாக வாங்கிய சிரிப்பு, ஒரு "அப்டியா"வில் தீர்ந்துவிடுமா? விடக்கூடாது.

"ஒரு உதவி. சிக்னல்ல நியூட்ரல் போட்டு க்ளட்ச விடணும்னு ஜாப் கார்டுல எழுதி சீல் வெச்சுக் குடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டார்."

"அந்த சிஸ்டம் பத்தியும் எழுதட்டுமா?"

"வேணாம். அத நானே சொல்லிக்கறேன்" என்றாள். எப்போது சொல்வேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. தனக்கோடி மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கிற நாள், சம்பந்தி வீட்டார் சிவாஜிநகர் கடைக்கு நேராக வந்துவிடுவார்கள். தனக்கோடியும் அவள் கணவர் கோவிந்தராஜனும் காலையிலேயே ஆனேக்கல்லிலிருந்து வந்திறங்கினார்கள். உத்தமன் ஜாப் கார்டைப் படித்தான். சீல் இருந்ததால் மறுபேச்சில்லை. கோவிந்தராஜன் முன் சீட்டில், பெண்கள் மூவரும் பின்னால்.

கிளம்பியதும் கோவிந்தராஜன், "வேதாவ ஓட்டச் சொல்லலியா மாப்ள?" என்று எடுத்துக்கொடுத்தார். உத்தமனுக்கு அது போதும். ஓட்டிக்கொண்டே "புர்ர்ர்... டக்" வரை சொல்லி முடித்தபோது பொம்மனஹள்ளி சிக்னல் சிவப்பானது. சீலுக்கு மரியாதை கொடுத்து நியூட்ரல் போட்டான், காலை எடுத்தான்.

டக்.

உத்தமன் சாவியை இப்படியும் அப்படியும் முறுக்கிக் கிளப்பினான். "புது ப்ளேட்டு, செட்டாகணும்" என்றான்.

"ஒண்ணு" என்றாள் வேதநாயகி, ஜன்னலைப் பார்த்தபடி.

சில்க் போர்டில் மறுபடி நின்றது. இந்த முறை பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைத் தட்டிப் பார்த்தான். பச்சை விழுந்துவிட்டது. ஓடிவந்து உட்கார்ந்து க்ளட்சை மிதித்து கியர் போட்டான். வண்டி அசையவில்லை. பின்னால் பஸ், லாரி, ஆட்டோ என்று ஒன்று பாக்கியில்லாமல் ஹாரன் அடித்தன. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "ஏன் சார், காடி ஓட்சக்கே பரல்வா?" என்றார். வண்டி ஓட்டவே தெரியாதா என்று நடுரோட்டில், அக்காவும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டுவிட்டுப் போனார். சாவியைத் திருப்ப வேண்டும் என்று உத்தமனுக்கு உறைக்கவே அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடம் வேதநாயகிக்கு இனித்தது. பாவமாக இருந்ததா என்றால், இல்லை.

"ரெண்டு."

மடிவாளாவில் மூன்று. அடுத்த சிக்னலில் உத்தமன் பயந்துபோய், பழையபடி கியரிலேயே வைத்து க்ளட்சை மிதித்துக்கொண்டு நின்றான். எஞ்சின் ஓடியது. வேதநாயகி முன்னால் சாய்ந்தாள்.

"க்ளட்ச விடுங்க. மறுபடி ப்ளேட்டு போயிடும். எழுதிக் குடுத்திருக்காங்க இல்ல?"

"ஆமா மாப்ள, விட்டுரு" என்றார் கோவிந்தராஜன்.

விட்டான். டக். பின்சீட்டில் தர்ஷினி வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டு வந்தது. தனக்கோடியும் சேர்ந்துகொண்டாள். உத்தமனின் கழுத்து சிவந்தது. சிக்னல் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினான்.

"வண்டில ஏதோ கோளாறு" என்றான்.

"நான் ஓட்டினப்ப வண்டில கோளாறில்லையே? என்கிட்டதானே இருந்துச்சு?" வேதநாயகி இறங்கி அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எறங்குங்க."

இறங்கினான். அவள் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். அடுத்த சிக்னலில் நியூட்ரல், காலை எடுத்தாள், எஞ்சின் நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. நிதானமாக, பின்னாலிருப்பவர்களுக்கும் கேட்கும்படி, பச்சை எழுத்திலிருந்து கருகிய ப்ளேட் வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஒழுங்காக ஓட்டுகிறவர்களுக்குத்தான் நிற்கும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பச்சை விழுந்தது, க்ளட்சை மிதித்தாள், கிளம்பினாள்.

"அப்ப, அன்னைக்கு நீ கரெக்டாதான் ஓட்னியாம்மா?" என்றாள் தர்ஷினி.

"ஏழு சிக்னல்லயும்."

தனக்கோடிக்கும் தர்ஷினிக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த உத்தமன் மெதுவாகக் கேட்டான். "உனக்கு முன்னயே தெரியுமா?"

"நேத்தே தெரியும்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் இண்டிகேட்டரைப் போட்டுக் கடைத் தெருவுக்குள் திரும்பினாள்.

புடவைக் கடையில் சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் காத்திருந்தார்கள். மெத்தையில் எல்லோரும் உட்கார்ந்ததும் சம்பந்தியம்மா, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள். தனக்கோடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது ஒரு பெரிய கதை. உத்தமா, நீயே சொல்லேன்டா."

உத்தமன் மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. பல சபைகளில் அவள் அவனைப் பார்த்த அதே பார்வை அது, அவளுக்குத் தெரியாதா என்ன.

வேதநாயகி கார் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நான் சொல்றேன் அண்ணி" என்று எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டினாள்.