இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

ஸ்குரூடிரைவரின் முனையை ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸர் மேல் ஊன்றி, பிடியைத் தன் காதோடு ஒட்டிக்கொண்டு, கூடத்துத் தரையில் முட்டிபோட்டிருந்தான் அவன். பெட்டிக்குள் அவனுடைய அக்கா படுத்திருந்தாள். மோட்டார் சத்தத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. வாடகைக்கு விட்டவன் ஓட்டை உடைசலைத் தலையில் கட்டிவிட்டான் என்று தோன்றியது. எதைப் பார்த்தாலும் அவனுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். பிரிட்ஜ் மெக்கானிக், பழுதில்லாத பொருள் என்று உலகத்தில் ஒன்று உண்டு என்பதையே நம்பாதவன்.

"செத்த வீட்டுலயும் ஸ்குரூடிரைவரா மாப்ள?" என்றார் அக்கா வீட்டுக்காரர். கேலியாகத் தொடங்கிய குரல் பாதியிலேயே கம்மிப்போனது.

"இது சரியா ஓடல மாமா. எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்."

"ரெண்டு மணிக்கு எடுத்துடுவோம்டா. அதுவரைக்கும் ஓடுச்சுன்னா போதும், விடு."

பெட்டியின் மேலே சின்னக் கண்ணாடியில் சிவப்பாக ஓர் எண் எரிந்தது. நாலு. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அக்கா சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருஷம் நர்ஸ். தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜ் அவள் பொறுப்பு. இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்து நோட்டில் குறித்து வைப்பாள். நேற்றுக் காலையிலும் குறித்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

பெட்டியின் மறுபக்கம் இன்னொரு காது ஒட்டியிருந்தது. அவனுடைய மகன். ஆறு வயது, ஆட்டிசம், பேச்சு கிடையாது. மோட்டார் ஓடும் சத்தம் எங்கே கேட்டாலும் போய்க் காதை வைத்துக்கொண்டு அதே சுருதியில் முனகுவான். வண்டு என்று அவனுக்குப் பேர் வைத்ததே பெட்டிக்குள் படுத்திருக்கும் அத்தைதான். "பிணப்பெட்டி மேல பிள்ளைய சாய விட்டுட்டு நிக்கிறாங்களே" என்று ஒரு சொந்தக்காரி முணுமுணுத்தாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வீட்டு வாசலை அவன் மிதித்து நாலு வருஷமாகிறது.

வண்டுவுக்கு ஒன்றரை வயதில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டவள் அக்கா. அதற்கப்புறம்தான் பிள்ளை மாறினான் என்பது அவன் முடிவு. அதற்கு முன்னால் வாசலில் வண்டி ஹார்னை இரண்டு தடவை அடித்தால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் வாசலுக்குத் தவழ்ந்து வருவானாம். இதை அவன் டாக்டரிடம் சொன்னான், பள்ளிக்கூடத்தில் சொன்னான், டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னான். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

மருந்து கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்தான். தன் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கே போய், நாலு பேர் முன்னால் "பிரிட்ஜைத் திற" என்றான். "மடியில கனமில்லடா, வழியில பயமில்ல. வா, பாத்துக்கோ" என்று அக்கா திறந்துவிட்டாள். நாலு டிகிரி. "நான் வர்றது தெரிஞ்சு சரி பண்ணி வச்சிருக்க" என்றான். ஊசி போட்ட அன்றைய நோட்டை எடுத்துக் காட்டினாள். "எழுதறதுக்கென்ன, பேனா உன் கையிலதானே இருக்கு." அக்கா பிரிட்ஜ் கதவை மூடினாள். இருவருக்கும் பேச்சு அதோடு நின்றது. அங்கிருந்த நர்ஸுகள் தனக்கு பிரிட்ஜ் தம்பி என்று பேர் வைத்திருப்பதாகப் பின்னால் கேள்விப்பட்டான்.

ஐந்து வயதில் போட வேண்டிய அடுத்த ஊசியை அவன் போட விடவில்லை. ஒரு வருஷமாக மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாதம் கேட்பது போய்க் கெஞ்சலாகிவிட்டது. ஊரில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. வண்டுவின் பள்ளிக்கூடத்தில் மூன்று பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். ஒரு பெண் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். "பேச்சு போனது போதும், இருக்கறதும் போகணுமா?" என்பான் அவன். "உசுரு போச்சுன்னா?" என்பாள் அவள்.

பதினோரு மணிக்கு அக்காவோடு வேலை பார்த்த இரண்டு நர்ஸுகள் வந்தார்கள். பெரியவள் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சமையலறைப் பக்கம் போனாள். அவன் மனைவியும் பின்னாலேயே போனாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவனும் போனான்.

"இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் போடறோம்மா. பரவுதுன்னு லீவே கிடையாது" என்ற குரல் அவன் தலையைக் கண்டதும் நின்றது. பெரிய நர்ஸ் தட்டு ஒன்றை எடுத்துத் தேவையில்லாமல் துடைத்தாள். அக்கா போன மறுநாளே தனக்குத் தெரியாமல் பிள்ளைக்கு ஊசி போட ஏற்பாடு நடக்கிறது என்று நினைத்தான்.

கூடத்துக்குத் திரும்பியவனிடம் மாமா அக்காவின் போனை நீட்டினார்.

"போட்டோ ஒண்ணு எடுத்துக் குடு மாப்ள. பெருசா பிரிண்ட் போட்டு வைக்கணும். எனக்குக் கண்ணாடி போட்டும் ஒண்ணும் தெரியல."

"லாக் நம்பர் என்ன?"

"பூட்டே போடலடா. அவகிட்ட என்ன ரகசியம் இருக்கு?"

அதையும்தான் பார்த்துவிடலாமே என்று உள்ளறைக் கட்டிலில் போய் உட்கார்ந்தான். செத்தவளின் போனில் குற்றம் தேடுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் தேடினான். பிரிட்ஜ் பழுதென்று யாருக்காவது எழுதியிருக்கிறாளா, கரண்ட் போன கதை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். தேதி ஞாபகப்படுத்துகிற செய்திகள்தான் வரிசையாக இருந்தன. உங்கள் மகளுக்கு நாளை ஊசி. உங்கள் மகனுக்கு வெள்ளிக்கிழமை. படங்களைப் புரட்டினான். கல்யாணம், பள்ளிக்கூட விழா, யார் யாருடைய குழந்தைகளோ. எல்லாரையும் படம் எடுத்தவள் அவள்தான் என்பதால் எதிலும் அவள் இல்லை. ஒன்றில் ஓரத்தில் அவள் கட்டைவிரல் மட்டும் மங்கலாக விழுந்திருந்தது.

நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தான். பெட்டிப் பக்கம் வண்டு இல்லை. மனைவி இல்லை. பெரிய நர்ஸும் இல்லை.

சுகாதார நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான். செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்கு ஓடினான். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், அழுகையை அடக்க முடியாமல் ஓடுகிறான் என்று எண்ணி வழி விட்டார்கள். திருப்பம் வரை போய்ப் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தான். மனைவி கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டு அவள் மடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படுத்திருந்தான்.

பிள்ளையின் சட்டைக் கைகளைத் தோள் வரைக்கும் சுருட்டினான். இடது கையில் ஒன்றுமில்லை. வலது கையில் சிவப்பாக ஒரு புள்ளி, லேசான வீக்கம்.

"இது என்ன?"

அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"கொசுக்கடிங்க."

"அந்த நர்ஸு எங்க?"

"வேலைக்குப் போயிட்டாங்க. உள்ள அழுகை சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு, இவனால தாங்க முடியல. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்." சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டாள். "திருட்டுத்தனமா போடணும்னா எப்பவோ போட்டிருப்பேன். உங்க அக்காகிட்டயே போய் நின்னேன், போன மாசம். என்ன சொன்னாங்க தெரியுமா? அவனுக்குத் தெரியாம போடமாட்டேன், அவன் வந்து மடியில பிள்ளைய வச்சுக்கட்டும், அப்பப் போடறேன்னாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொல்வது அவனுக்கு ஞாபகம் வந்தது. தன் சந்தேகம் கொசுவைக்கூட விட்டுவைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

திரும்பிப் போய் மறுபடி போனை எடுத்தான். இந்த முறை அக்காவின் முகத்தைத்தான் தேடினான். அடியில், பழையதில், ஒரு வீடியோ இருந்தது. சுவரில் 1 என்று பெரிய வெள்ளிப் பலூன். அவன் வீட்டுக் கூடம். வண்டுவின் முதல் பிறந்தநாள்.

குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. படம் பிடிக்கிற அக்காவின் குரல் குழந்தையைக் கூப்பிட்டது. திரும்பவில்லை. கைதட்டினாள். திரும்பவில்லை. அப்போது வெளியே ஹார்ன் கேட்டது, இரண்டு தடவை. "டேய், அப்பா வந்தாச்சு பாரு!" குழந்தை மூடியைச் சுழற்றியது; அது விழுந்ததும் எடுத்து மறுபடி சுழற்றியது. கேக் பெட்டியோடு அவனே உள்ளே வந்தான், இப்போதைவிட ஒல்லியாக, சிரித்துக்கொண்டு.

"இவன் காதுல வாங்கவே மாட்டேங்கறான்டா. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"போக்கா, நீ நர்ஸு. உனக்குப் பாக்கறவன் எல்லாம் நோயாளிதான். எம்புள்ள ராஜா. கூப்பிட்டதும் ஓடி வர அவன் என்ன நாய்க்குட்டியா?"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நிறுத்துவதற்காகப் போனைத் தன் பக்கம் திருப்பியபோது, கடைசியில் ஒரு நொடி அவள் முகம் வந்தது.

தேதியைப் பார்த்தான். தேதியை மாற்றிவிடலாம் என்று மனசு அப்போதும் ஒரு மூலையில் சொன்னது. பலூனை யார் மாற்றுவது? அந்தச் சிரிப்பை யார் மாற்றுவது? ஊசிக்கு அப்போது இன்னும் ஆறு மாசம் இருந்தது. இன்னொரு தடவை ஓடவிட்டு அந்த ஹார்னைக் கேட்டான். இன்னொரு தடவை.

கடைசி நொடியில் நிறுத்தி, அந்த முகத்தைப் படமாக எடுத்து, மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"என்னடா இது, சிரிக்கவே இல்ல. வேற கிடைக்கலையா?"

"இதுதான் மாமா இருக்கு. அவ வண்டுவப் பாத்துட்டிருக்கா."

மாமா போனைக் கண்ணருகே கொண்டுபோனார். பின்னால் தெரிந்த பலூனை வெகுநேரம் பார்த்தார்.

"அந்த வீடியோவா. உங்கிட்ட காட்டுடின்னு எத்தன தடவ சண்டை போட்டிருக்கேன். கேக்கல. 'அவனுக்கு யார் மேலயாவது கோவப்படணும்ங்க. என் மேலயே படட்டும், நான் அக்காதானே, தாங்கிக்கறேன்'னா."

அவன் சரி என்பதுபோலத் தலையாட்டினான். அழுகை வரவில்லை.

இரண்டு மணிக்கு அக்காவை எடுத்தார்கள். அவன்தான் பிளக்கைப் பிடுங்கினான். மோட்டார் நின்றது, சிவப்பு எண் அணைந்தது. காலியான பெட்டிமேல் காதை வைத்தபடி வண்டு மட்டும் அதே சுருதியில் முனகிக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மணி நாலரை. ஈரத்தலையோடு வாசலில் நின்றபடியே மனைவியைக் கூப்பிட்டான்.

"அஞ்சு மணி வரைக்கும்தானே இருப்பாங்க?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். அவனுக்குச் செருப்ப மாட்டு."

வழியில் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவானோ என்று பயந்தவள்போல இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

சுகாதார நிலையத்தில் பெரிய நர்ஸ் மட்டும் இருந்தாள். அக்காவின் நாற்காலி சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அவனைக் கண்டதும் நர்ஸின் முகம் இறுகியது. போய்ப் பிரிட்ஜைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்தாள். அப்புறம் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே தொங்கிய தெர்மாமீட்டரை அவன் பார்ப்பதற்கு வசதியாக ஒதுங்கி நின்றாள். ஒரு கையால் மேசையிலிருந்த நோட்டையும் அவன் பக்கம் தள்ளினாள். நேற்றுச் சாயங்காலக் கட்டம் காலியாக இருந்தது.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"கதவ மூடுங்க சிஸ்டர்" என்றான். "குளிர் போயிடும்."

அவள் மூடினாள். உள்ளே மோட்டார் ஓடத் தொடங்கியது. வண்டு அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய்ப் பிரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டிக்கொண்டான். பிள்ளை முனகி முடிக்கும் வரைக்கும், சட்டைக் கையைச் சுருட்டுவதற்காக, அப்பா மடியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான்.