பின்சீட்டுக்கும் ஒரு ஜாக்கெட்

பாண்டியராஜன் புல்லட் வாங்கிய மறுவாரமே ரைடிங் ஜாக்கெட்டும் வாங்கிவிட்டான். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் கெட்டியான பட்டை வைத்த கறுப்பு ஜாக்கெட். அதோடு கையுறை, கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ், தாடையை மூடும் ஹெல்மெட், முழங்காலில் கட்டிக்கொள்ள ரெண்டு காப்பு. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அவன் திருப்பரங்குன்றத்து வீட்டின் கூடத்தில் வந்து நின்றபோது, சத்யப்ரியா சோற்றுக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ராக்கெட்ல ஏறப் போறீகளா மாமா?”

“சிரிக்காத புள்ள. ஞாயித்துக்கிழமை பசங்களோட கொடைக்கானல் போறேன்ல, இது இல்லாம சேத்துக்க மாட்டேங்குறாங்க.”

“மதுர வெயில்ல இதப் போட்டா நீங்க அவிஞ்சு இட்லியாத்தான் வருவீக.”

பாண்டியராஜனுக்குத் திருநகரில் பம்புசெட் மோட்டார் கடை. சத்யப்ரியா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். விடிந்ததிலிருந்து மதியம் வரை ஊசி, பஞ்சு, ‘கைய மடக்கிக்கங்க’ என்றே அவள் பொழுது போகும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் அவனிடம் கேட்டு வாங்கிய பொருள் எதுவும் கிடையாது. வேண்டுமென்றால் தானே வாங்கிக்கொள்வாள்.

முதல் தடவை விழுந்தது ஆரப்பாளையத்தில். அதை விபத்து என்றுகூடச் சொல்ல முடியாது. வண்டி ஓடவே இல்லை.

சத்யாவின் அம்மாவைத் தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோ ஒன்று குறுக்கே நின்றதால் பாண்டியராஜன் வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினான். ஊன்றிய இடத்தில் தரை இல்லை, பள்ளம் இருந்தது. இருநூறு கிலோ வண்டி சாய ஆரம்பித்தால் யாரால் பிடித்து நிறுத்த முடியும்? மெதுவாக, மாடு படுப்பது போலப் படுத்தது. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த சத்யா சேலையோடு ரோட்டில் போய் விழுந்தாள்.

டீக்கடையில் நின்றவர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். பாண்டியராஜன் எழுந்து ஜாக்கெட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். தூசிதான் இருந்தது. சத்யாவுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்குப் பாதி தூரம் தோல் வழன்றிருந்தது. செருப்பு ஒன்று ஆட்டோவுக்கு அடியில் கிடந்தது.

“அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று ஒரு பையன் கேட்டான்.

பக்கத்தில் நின்ற பூக்கடைக்காரம்மா முந்திக்கொண்டாள். “அவருக்கு என்னடா ஆகும், இரும்புப் பொட்டிக்குள்ள இருக்காரு. அந்தப் புள்ளயப் பாரு.”

வீட்டுக்கு வந்ததும் சத்யா தானே காயத்தைக் கழுவி மருந்து வைத்தாள். அவன் பஞ்சை எடுத்துக் கொடுக்க வந்தான், வாங்கிக்கொண்டாள்.

“கோவமா?”

“கோவம்லாம் இல்ல. ஒரு சந்தேகம். நீங்க விழுந்தா நானும்தான விழுவேன்?”

“ஆமா.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் சேல?”

அவள் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, “சாப்புட வாங்க, ரசம் ஆறுது” என்றாள். அதுதான் அவனை வதைத்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அவளை டவுனுக்குக் கூட்டிப்போனான். ஜாக்கெட் வாங்கிய அதே கடை. “பின்னாடி உக்கார்ற லேடீஸுக்கா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லண்ணே” என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இருந்ததிலேயே சின்ன அளவைப் போட்டுப் பார்த்தாள். தோள்பட்டை புஜத்துக்கு இறங்கி, முழங்கைப் பட்டை மணிக்கட்டில் வந்து நின்றது. ஆனால் வலைத்துணி. காற்று புகும். மதுரைக்கு அதுதான் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். ஹெல்மெட்டும் பூட்ஸும் முழங்கால் காப்பும் அளவாகவே கிடைத்தன.

சத்யா ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, தெருமுனையில் தைக்கிற தமிழ்ச்செல்வி அக்காவிடம் போனாள்.

“அக்கா, இந்த ஜாக்கெட்டக் கொஞ்சம் புடிச்சுத் தரணும்.”

“அளவு ரவிக்க கொண்டாந்தியா?” என்று கேட்டபடி திரும்பிய தமிழ்ச்செல்வி, பையிலிருந்து வெளியே வந்த பொருளைப் பார்த்து மிஷினை நிறுத்தினாள். “ஆத்தாடி! இதுல ஊசி எறங்குமா? கழுத்து எம்புட்டு எறக்கம் வைக்கணும்?”

இருவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. பிறகு தமிழ்ச்செல்வி கெட்டித்துணி ஊசி மாட்டி, ரெண்டு ஊசியை உடைத்து, ஜாக்கெட்டின் தோளையும் கையையும் பிடித்துத் தந்தாள். பட்டை சரியாக முழங்கையில் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து வண்டியில் ஏறினால் ஜீன்ஸ், இரண்டு பக்கமும் கால், ஜாக்கெட். தெருப்பிள்ளைகள் “அக்கா கிரிக்கெட் ஆடப் போறாங்க” என்றார்கள். வெயில் ஏறினால் அவளுக்கு எரிச்சலும் ஏறும். “உங்கள நம்பி நான் வெந்து சாகணுமா?” என்று பின்னாலிருந்து முதுகில் குத்துவாள். அவனுக்குத்தான் முதுகில் பட்டை இருக்கிறதே, வலிக்காது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பாட்டில் தண்ணீரை அவள் ஜாக்கெட்டின் மேல் ஊற்றுவான். வண்டி கிளம்பிக் காற்று பட்டதும் குளுகுளு என்று ஆகிவிடும். “ம், இப்பப் போங்க” என்பாள்.

தை மாதம் திருவாதவூரில் காதுகுத்து வந்தது. பாண்டியராஜனின் அக்கா ராக்கம்மாளின் மகளுக்கு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். சீர்த்தட்டுகள் முந்தின நாளே சொந்தக்காரர்களோடு வேனில் போய்விட்டன. சத்யாவுக்குக் காலை வேலை முடிய வேண்டியிருந்ததால் இருவரும் புல்லட்டில் கிளம்பினார்கள். கிளம்புகிற அவசரத்தில் பாண்டியராஜன் முழங்கால் காப்பை மாட்டவில்லை.

“அது எங்க?”

“சீர் செய்யப் போறேன் புள்ள, சண்டைக்கா போறேன்? நேரமாச்சு, ஏறு.”

ஒத்தக்கடை தாண்டித் திருவாதவூர் சாலையில் திரும்பியதும் இருபுறமும் அறுப்பு முடிந்த வயல்கள். ஒரு வளைவில் உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பாதி ரோட்டுக்குப் பரப்பியிருந்தார்கள். பாண்டியராஜன் வலப்பக்கம் ஒதுங்கினான். எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. வேறு வழியில்லாமல் செடியின் மேல் ஏற்றி, பிரேக்கைத் தொட்டான்.

முன்சக்கரம் இல்லாமலே போய்விட்டது போல இருந்தது. அப்புறம் ஒரு சத்தம். தார் ரோட்டில் இரும்பு உரசும் சத்தம், தலைக்குள்ளேயே கேட்பது போல. வானம், ரோடு, மறுபடி வானம். பிறகு எல்லாம் நின்றது.

“சத்யா!”

பதில் இல்லை. ஹெல்மெட் கண்ணாடி முழுக்கப் புழுதி. அவன் எழ முயன்றான், கால் மடங்கியது. தவழ்ந்து திரும்பினான். ரோட்டோரப் பனைமரத்துக்குப் பக்கத்தில் அவள் குப்புறக் கிடந்தாள். அவன் உடம்பில் இருந்த சூடெல்லாம் இறங்கிவிட்டது. அவளை நோக்கித் தவழ்ந்தான்.

அவளுடைய கை மேலே எழுந்தது. “அசையாதீக மாமா. அப்படியே இருங்க. நான் வாரேன்.”

மெல்லப் புரண்டு உட்கார்ந்து, தன் கால்விரல்களை ஆட்டிப் பார்த்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, அதன் பிறகே எழுந்து வந்தாள். அவன் கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னாள். கண்ணைப் பார்த்தாள். நோயாளியிடம் பேசும் அதே நிதானக் குரல். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்ல புள்ள. ஒனக்கு?”

“முட்டிதான் கிழிஞ்சிருக்கு ஒங்களுக்கு. எலும்புல ஒண்ணும் இல்ல.”

“ஒனக்குன்னு கேட்டேன்.”

அப்போதுதான் அவள் தன்னைப் பார்த்தாள். ஜாக்கெட்டின் வலது கை கிழிந்து உள்ளேயிருந்த பட்டை தெரிந்தது. அடியில் தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பினாள். தாடைப் பக்கம் முழுவதும் அரத்தால் ராவியது போல இருந்தது. அந்த இடத்தை விரலால் தடவியவள், தன் தாடையையும் ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாண்டியராஜன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

வயலுக்குள்ளிருந்து ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். முத்துத்தாய் என்று பெயராம். “நான் பாவி, நான் பாவி! எஞ்செடியில சறுக்கி விழுந்துட்டீகளே!” என்று கும்பிட்டாள்.

சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அழாதீங்கக்கா, உசுரோடதான இருக்கோம். குடிக்கத் தண்ணி இருக்கா?” என்றாள்.

முத்துத்தாய் தூக்குவாளியில் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பூட்ஸிலிருந்து தலைவரை சத்யாவை அளந்தாள். “ஏ ஆத்தா, நீ போலீசா?”

“இல்லக்கா, ரத்தம் எடுக்குறவ.”

முத்துத்தாய் இரண்டடி பின்னால் போனாள். பாண்டியராஜனுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. முத்துத்தாய் உடனே திரும்பிப் போய், துடைப்பத்தை எடுத்து ரோட்டிலிருந்த செடியை எல்லாம் வயலுக்குள் தள்ள ஆரம்பித்தாள்.

போன் போனதும் அக்கா புருஷன் நல்லகாமன் தன் குட்டியானை லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஹேண்டில்பார் கோணிய புல்லட்டைப் பின்னால் ஏற்றிக் கட்டினார்கள். “மாப்ள, தாய்மாமன் குதிரையில வருவான்னு பாத்தா குதிரையத் தூக்கிட்டு வாராரே” என்றார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டு வாசலில் ராக்கம்மாள் ஓடிவந்து தம்பியின் முதுகில் நாலு வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். சத்யா அவனை ஓர் ஓரமாக உட்காரவைத்து முட்டியைக் கழுவிக் கட்டுப்போட்டாள். பட்டுவேட்டி கட்டி வந்து அவன் மணையில் அமர்ந்தான். நாலு வயதுக் குழந்தை யாழினியை மடியில் இறக்கினார்கள். அவள் நேராக அந்த முட்டியில்தான் உட்கார்ந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தை அலறிக்கொண்டு துள்ளியது. அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

யாழினி அழுகையை நிறுத்திவிட்டு அவனை அண்ணாந்து பார்த்தாள். “மாமா, ஒனக்கும் குத்துறாங்களா?”

“ஆமாடி தங்கம்.”

“அழாத மாமா. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்” என்று அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நல்லகாமன் சத்யாவின் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “கோடுதான தங்கச்சி விழுந்திருக்கு. எனக்குக் குடு, வயக்காட்டுக்குப் போறப்பப் போட்டுக்கிறேன்.”

“வேணாம்ணே. பலமா ஒரு அடி வாங்கிருச்சு. இன்னொரு அடி தாங்காது.” சத்யா உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, தன் ஹெல்மெட்டின் வாரையும் பாண்டியராஜன் ஹெல்மெட்டின் வாரையும் இனி யாரும் மாட்ட முடியாதபடி வெட்டினாள். “உங்களுக்குப் புதுசு வாங்கித் தாரேன். மதினிக்கும் சேத்து.”

வண்டியை அங்கேயே மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் இருவரும் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் சத்யா. கட்டுப்போட்ட காலை நடைபாதையில் நீட்டியபடி பாண்டியராஜன்.

“வண்டிய வித்துரவா?” என்று கேட்டான்.

அவள் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பயமாத்தான் இருக்கு மாமா. கொஞ்ச நாளைக்கு ஏற மாட்டேன். ஆனா விக்காதீக.”

“சரி.”

“ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கீக.”

“கூட்டிட்டுப் போறேன்.”

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். ஒத்தக்கடை வருவதற்குள் தூங்கிப்போனாள். கூட்டம் ஏறியது. “காலக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க சார்” என்றார் கண்டக்டர். முட்டியை மடக்கினால் உயிர் போனது. தோளை மட்டும் அசைக்காமல் காலை மெல்ல மடக்கிக்கொண்டான் பாண்டியராஜன்.